பாட்டுக்குக் கீழே எழுதிய குறிப்பு

அடிக்குறிப்புல கமா எங்க வரணும், பதிப்பகம் முந்தியா ஊர் முந்தியா, ஆண்டை அடைப்புக்குறிக்குள்ள போடணுமா வெளிய போடணுமான்னு கேட்டுக்கிட்டு என்கிட்ட யாரும் வராதீங்க. அதுக்குப் பல்கலைக்கழகம் தலையணை மாதிரி ஒரு கையேடு போட்டிருக்கு. அதையும் புரட்ட நேரமில்லைன்னா இப்ப கம்ப்யூட்டரே அடுக்கிக் கொடுத்துருது. ரிட்டயர் ஆன கிழவிகிட்ட வந்து கேக்க வேண்டிய சங்கதி இல்ல அது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தினம் பஸ் ஏறி ராஜபாளையம் போய் ஒரு காலேஜ்ல தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவ. நாட்டுப்புறப் பாட்டுதான் என் ஆய்வுத் துறை. கைடா இருந்து சில பேரைக் கரையேத்தியிருக்கேன், சில பேரு பாதியிலயே முங்கிப் போயிருக்காங்க. இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற நீங்கல்லாம் இப்பத்தான் கைடு ஆகியிருக்கீங்க, முகத்துல அந்தச் சந்தோஷம் தெரியுது. நல்லா இருங்க. ஆனா நல்ல நாள் அதுவுமா இந்த டீச்சர் ஏன் இழவுக் கதையைச் சொல்றான்னு கோவிச்சுக்காதீங்க. எனக்குச் சிடுமூஞ்சின்னு டிபார்ட்மென்ட்ல பேரு உண்டு, அது எனக்கும் தெரியும்.

இதுல யார் பேரும் சொல்லப் போறதில்ல. மாணவியை மாணவின்னு சொல்றேன். வைவாங்கற வாய்மொழித் தேர்வு எடுக்க வந்தவரைத் தேர்வாளர்னு சொல்றேன். பாடுன அம்மாவைப் பாடுன அம்மான்னே சொல்றேன்.

மத்த துறைக்காரங்க மேற்கோள் காட்டுறதுன்னா புத்தகத்தைக் காட்டுவாங்க. புத்தகம் அலமாரியில இருக்கும். பக்க எண்ணைத் தப்பாப் போட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. நாம காட்டுறது ஆளை. அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும், அண்ணன் தம்பி இருப்பாங்க, ராத்திரிக்கு அவங்களுக்குச் சோறு யாராச்சும் போடணும். நம்ம ஆய்வேட்டுல பின்னாடி தகவலாளர் பட்டியல்னு ஒண்ணு சேர்ப்போமே, பேரு, வயசு, படிப்பு, தொழில், ஊருன்னு கட்டம் கட்டி. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழ பாடிய சூழல்னு ஒரு குறிப்பும் எழுதுவோம். எந்தச் சாவுல பாடுனது, யார் யாருக்காகப் பாடுனது, ஏன் அப்படிப் பாடுனாங்கன்னு. சூழல் குறிப்பு இல்லாத ஒப்பாரியை எந்தத் தேர்வாளரும் ஒத்துக்க மாட்டாரு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆய்வேடெல்லாம் அலமாரியில தூங்குன காலத்துல ஏற்பட்ட வழக்கம் இதுங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

என் மாணவிக்குச் சோழபுரம். அப்பா விவசாயி. புருஷன் பட்டாளத்துல எங்கயோ வடக்க இருந்தாரு. இவ ஒரு தனியார் காலேஜ்ல தற்காலிக வேலை பார்த்துக்கிட்டே, கைப்பிள்ளையையும் வச்சுக்கிட்டு, மம்சாபுரம் வட்டாரத்து ஒப்பாரிப் பாட்டைச் சேகரிச்சா. உழைப்பாளி. அதிகம் பேச மாட்டா. எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்"னு தலையாட்டுவா, அதுதான் எனக்குப் பிடிக்காது.

பாடுன அம்மாவை அவ ஒரு சொந்தக்காரங்க மூலமாத்தான் கண்டுபிடிச்சா. மம்சாபுரத்துல ஒரு இழவு வீட்டுல அவங்க பாடுன பாட்டைக் கேட்டு ஊரே அடங்கிப் போச்சுன்னு சொல்லியிருக்காங்க. இவ போய்ப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கா. நல்ல வீட்டுல ஒப்பாரி பாடுனா வீட்டுக்கு ஆகாதுன்னு அந்த அம்மா இவளைக் கூட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போய், மோட்டார் ரூமுக்குப் பின்னாடி உக்காந்து பாடியிருக்காங்க. ரெக்கார்டரை என்கிட்ட போட்டுக் காட்டுனா. மோட்டார் ஓடுற சத்தத்துக்கு மேல அந்தக் குரல் எந்திரிச்சு வருது. எத்தனையோ ஒப்பாரி கேட்டவ நான், ஆனா அன்னைக்கு நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியல.

பாட்டோட கதை இதுதான். அந்த அம்மா கல்யாணமாகிக் கொஞ்ச காலத்துலயே தாலியறுத்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவங்க. ஆத்தா இருந்தாங்க, அண்ணன் குடும்பம் இருந்துச்சு. ஆத்தா நினைவு தப்பிப் படுக்கையில கிடந்தப்ப, அண்ணன் அவங்க கைநாட்டை வாங்கி இருக்கிற நிலத்தை எல்லாம் தன் பேருக்கு மாத்திக்கிட்டாரு. இந்த அம்மா ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா எங்க போறது? ஆத்தா செத்த அன்னைக்குத்தான், மார்ல அடிச்சுக்கிட்டு, அத்தனை சனத்துக்கும் நடுவுல கேட்டாங்க.

"கண்ணுமே தெறக்கலையே, கைவிரலும் தூக்கலையே,
தூங்கையில விரல்புடிச்சுத் தொட்டுவச்ச கை ஆருகையி?
பெத்தவளே ஒன்னையத்தான் பேச்சில்லாக் காலத்துல
ஒப்புதல வாங்கிப்போன ஒறவுக்கை ஆருகையி?"

அண்ணன் தலைமாட்டுல நின்னு முழுசாக் கேட்டாராம். ஒண்ணும் சொல்லலையாம். மறுநாள் எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. அதுக்கப்புறமும் அந்த அம்மா அதே வீட்டுலதான் இருந்தாங்க, பின்கட்டுல ஒரு அறையில. உடம்புக்கு முடியலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அந்த அண்ணன்தான். இழவு வீட்டுல பொம்பளை பாடுனதுக்குக் கணக்குத் தீர்க்கக் கூடாதுங்கறது நம்ம பக்கத்து வழக்கம். மாமியாரைத் திட்டிப் பாடலாம், கொழுந்தனைச் சபிச்சுப் பாடலாம். பாடை தூக்கியாச்சுன்னா அந்தப் பேச்சும் அதோட போயிரும்.

நான் மாணவிகிட்ட, "இந்தப் பாட்டுக்குப் பேரும் போடாத, சூழலும் எழுதாத. மம்சாபுரம் பக்கம் ஒரு பெண்ணுன்னு மட்டும் போடு"ன்னு சொன்னேன். "சரிங்க மேடம்"னா. அப்படியே போட்டா.

வைவா அன்னைக்குத் தேர்வாளர் வெளி மாவட்டத்துல இருந்து வந்தாரு. பெரிய படிப்பாளி. துறையில நல்ல பேரு. ஹால்ல பசங்க, வாத்தியாருங்க, மாணவியோட சொந்தக்காரங்கன்னு கூட்டம். மாணவி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தா. நல்லாத்தான் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா. அந்தப் பாட்டு இருக்கிற பக்கத்துக்கு வந்ததும் தேர்வாளர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாரு.

"இந்த ஆய்வேட்டோட உயிரே இந்தப் பாட்டுதான். இதை யாரும்மா பாடினது?"

"மம்சாபுரத்துல ஒரு அம்மா சார்."

"அவங்களுக்குப் பேர் இல்லையா?"

"இருக்கு சார். போடல."

"எந்தச் சாவுல பாடினது? அந்தக் கை யாரோட கை? ஒரு வரி இல்லையே. இதை நீங்களே எழுதிக்கிட்டு வந்தீங்கன்னு நான் சொன்னா என்ன பதில் வச்சிருக்கீங்க?"

மாணவி என்னையப் பார்த்தா. நான் எந்திரிச்சு, "பாடுனவங்க இன்னும் அதே வீட்டுல இருக்காங்க சார், அவங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு நான்தான் போட வேண்டாம்னு சொன்னேன்"னேன். "மத்த எல்லாருக்கும் பேர் இருக்கு, ஊர் இருக்கு. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இல்ல. திருத்திக் கொடுத்தாத்தான் பரிந்துரை பண்ண முடியும்"னுட்டாரு. மாணவியோட அப்பா பின் வரிசையில இருந்து, "என்னம்மா, பாஸா ஃபெயிலா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டாரு. பாவம் மனுஷன்.

சாப்பாடு முடிஞ்சதும் தேர்வாளர் அய்யனார் கோவில் பார்க்கணும்னாரு. வைவாவுக்கு வர்றவங்களைச் சுத்திக் காட்டுறதும் நம்ம பாடத்திட்டத்துல உண்டே. கார்ல கூட்டிட்டுப் போனோம். அருவியில தண்ணியே இல்ல, பாறைதான் ஈரமா இருந்துச்சு. அங்க வச்சு அவருகிட்டத் தனியாப் பேசிப் பார்த்தேன். கோவமா இல்ல அவரு. கல்லு மேல உக்காந்துக்கிட்டு நிதானமாச் சொன்னாரு.

"மேடம், என்கிட்ட ஒருத்தன் இருந்தான். ஃபேனுக்கு அடியில உக்காந்து அவனே பாட்டு எழுதி, 'பாடியவர் பெயர் சொல்ல விரும்பவில்லை'ன்னு போட்டுட்டான். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அது வெளிய வந்து என் பேரு நாறிப் போச்சு. உங்களை நான் நம்புறேன். ஆனா ஏட்டைப் படிக்கிறவனுக்கு உங்களைத் தெரியாதே. இன்னொண்ணும் கேக்குறேன். பாட்டுக் கட்டினவளோட பேரை எடுத்துட்டு உங்க மாணவி பேர்ல அதை வெளியிடுறது மட்டும் நியாயமா?"

மனுஷன் சொல்றது வாஸ்தவம்தானே?

மாணவிக்கு அடுத்த வாரம் ஒரு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ இருந்துச்சு. திருத்தம் முடிச்சு முடிவு வந்தாத்தான் அதுல உக்கார முடியும். பாட்டையே எடுத்துருவோமான்னு நினைச்சேன். எடுத்தா அந்த இயலே விழுந்துரும், மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கைடுக்கு இருக்கிற கஷ்டமே இதுதான். யோசிக்க நேரம் வேணுங்கற இடத்துலதான் நேரம் இருக்காது. பாடுனவங்களையே கேட்டுருவோம்னு மறுநாள் காலையில ரெண்டு பேரும் மம்சாபுரம் பஸ் ஏறுனோம்.

அந்த அம்மா பின்கட்டுல துவரை புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. மெலிஞ்ச உடம்பு, நரைச்ச தலை, கண்ணு மட்டும் துறுதுறுன்னு. அண்ணன் வெளிய போயிருந்தாரு. மாணவி விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்சா. பேரு போடலைங்கறதைக் கேட்டதுமே அவங்க கையில இருந்த சொளகு நின்னுருச்சு.

"பேரைப் போடலையா? அப்ப ஆரு பாடுனதா எழுதியிருக்க?"

"ஒரு பெண்ணுன்னு எழுதியிருக்கேன் பெரியம்மா."

"ஒரு பெண்ணா? ஏட்டி, எங்காத்தா செத்ததுக்கு ரோட்டுல போற எவளோ ஒருத்தி வந்து அழுதாளாக்கும்?"

மாணவிக்கு முகம் செத்துப் போச்சு. நான் உள்ள நுழைஞ்சேன். "உங்க நல்லதுக்குத்தாம்மா நான் வேண்டாம்னேன். இது புத்தகத்துல மட்டும் இருக்காது. போன்ல வரும். யாரு வேணாலும் பார்க்கலாம். உங்க அண்ணனும் பார்க்கலாம்"னேன்.

"பாக்கட்டுமே! அன்னைக்குத் தலைமாட்டுல நின்னு முழுசாக் கேட்டவிய தான? என்னைய ஒரு சொல்லு சொன்னாகளா? இழவு வீட்டுல பாடுனதுக்கு எவனாச்சும் சண்டைக்கு வருவானா டீச்சர்? அப்புடி வந்தா ஊர்ல ஒரு பொம்பளையும் அழ முடியாதே."

"சூழலையும் எழுதணுமாம் பெரியம்மா. மாமா நிலத்தை எழுதி வாங்குனதையும்..."

"நடந்ததுதான? எழுது. செத்த நேரம் இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்."

சம்மதப் படிவத்தை நீட்டுனோம். அவங்க கையெழுத்துப் போடுவாங்க. சேலை முந்தியில கையைத் துடைச்சுட்டு, ஒவ்வொரு எழுத்தா, அழுத்தி எழுதுனாங்க. எழுதி முடிச்சுட்டுத் தாளைத் தூக்கிப் பிடிச்சு அவங்களே ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கிட்டாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னமும் கண்ணுக்குள்ள நிக்குது.

பேரு ஏறுச்சு. பாட்டுக்குக் கீழ சூழல் குறிப்பும் ஏறுச்சு. "தன் தாய் இறந்தபோது, தமையன் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட ஆதங்கத்தில் பாடியது." இலக்கணப் பிழை இல்லாத ஒரு வாக்கியம். தேர்வாளர் ஒத்துக்கிட்டாரு. மாணவிக்குப் பட்டம் கிடைச்சுச்சு, வேலையும் கிடைச்சு வேற மாவட்டத்துக்குப் போனா. ஏடு பிடிஎஃபா இணையத்துல ஏறுச்சு. நானும் ஓய்வு பெற்று வீட்டுல உக்காந்துட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு நாள் மாணவி போன் பண்ணுனா. எடுத்ததும் அழுகை. என்னட்டி, பிள்ளைக்கு ஏதும் ஆயிருச்சான்னு பதறிட்டேன்.

"இல்ல மேடம். அந்தப் பெரியம்மாவை வீட்டை விட்டு அனுப்பிட்டாங்களாம்."

நடந்தது என்னன்னா, அந்த அண்ணன் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்காரு. மாப்பிள்ளை வீட்டுல யாரோ ஒருத்தர் பொண்ணு வீட்டுக்காரங்க எப்படின்னு பார்க்க மம்சாபுரம்னு போட்டுப் போன்ல தேடியிருக்காங்க. ஏடு வந்து விழுந்திருக்கு, உள்ள பொண்ணோட அத்தை பேரோட. அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பிட்டாங்க. சம்பந்தம் நின்னு போச்சு.

நான் மறுநாளே போனேன், அந்த அண்ணனைப் பார்க்க. போலீஸ்ல ஏட்டையாவா இருந்து ஓய்வு பெற்றவரு. திட்டுவாரு, ஏசுவாரு, வாங்கிக்கிட்டு வருவோம்னுதான் போனேன். அவரு நாற்காலி எடுத்துப் போட்டு, கடையில ஆள் விட்டுக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துட்டு, எதிர்ல நின்னுக்கிட்டே பேசுனாரு.

"டீச்சர், அன்னைக்கு அவ பாடும்போது நான் நின்னு கேட்டேன். ஊரே என்னையப் பாத்துச்சு. பொறுத்தேன். ஆத்தாளைப் பறிகுடுத்தவ அழுதா, அழட்டும்னு விட்டேன். அவ பாட்டுல என் பேரு இருந்துச்சா? ஆரு கைன்னு கேட்டா, அம்புட்டுத்தான். இப்பக் கீழ எழுதியிருக்கே, அது ஆரு பாடுனது?"

கையில இருந்த கலரைக் கீழ வச்சுட்டேன்.

"நான் ஸ்டேஷன்ல இருந்தவன். வாயில ஆயிரம் சொல்லுவாக, நாங்க எழுத மாட்டோம். எழுதிட்டா அது கேஸு. பேரு, வயசு, ஊரு, நடந்த விவரம், கீழ கையெழுத்து. இது பாட்டு இல்ல டீச்சர், ஸ்டேட்மென்ட். எந்தங்கச்சி எம்மேல ஸ்டேட்மென்ட் குடுத்துட்டா. நீங்க வாங்கியிருக்கீக."

நிலத்தை வாங்குனது சரியா தப்பான்னு அவரும் பேசல, நானும் கேக்கல. அவரு செஞ்சது அக்கிரமம். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா அந்த அக்கிரமத்தோடயே அண்ணனும் தங்கச்சியும் ஒரே கூரைக்குக் கீழ இருந்துட்டுப் போக ஒரு வழியை ஊரு வச்சிருந்துச்சு. பாட்டு கேள்வியோட நிறுத்திக்கிச்சு. எங்க குறிப்பு பதிலைச் சொல்லிருச்சு. "திரும்பக் கூட்டிக்கோங்க, வயசானவங்க"ன்னு கெஞ்சினேன். "சரி டீச்சர், பாப்போம்"னாரு. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

பாடுன அம்மா ராஜபாளையத்துல ஒரு கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தாங்க. அங்கயே சமையக்கட்டுக்குப் பின்னாடி படுத்துக்கிட்டாங்க. என் வீட்டுக்கு வந்துருங்கன்னு கூப்பிட்டேன். "எதுக்கு டீச்சர்? அண்ணன் கோவம் எம்புட்டு நாளைக்கு? பொறவு அவியளே வந்து கூப்புடுவாக"ன்னு சிரிச்சாங்க. கூப்பிட யாரும் வரல. மண்டபத்துல தினம் ஒரு வீட்டுக் கல்யாணம் நடக்குது. அண்ணன் மகளுக்கு வேற இடத்துல முடிவாகி அதே ஊர்ல இன்னொரு மண்டபத்துல கல்யாணம் நடந்தப்ப, இவங்களுக்குச் சொல்லக்கூட இல்ல.

இதுக்கு நடுவுல மாணவி ஒரு காரியம் பண்ணுனா. நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணுனா. பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அலைஞ்சு, இணையத்துல இருக்கிற ஏட்டுல அந்தப் பேரையும் குறிப்பையும் எடுக்க வச்சுட்டா. பழையபடி "மம்சாபுரத்தைச் சேர்ந்த ஒரு பெண்." எல்லாம் முடிஞ்ச பொறவுதான் எனக்கே சொன்னா. "பெரியம்மாகிட்டக் கேட்டியா?"ன்னு கேட்டேன். "அவங்களுக்காகத்தானே மேடம் எடுத்தேன்"னா. பேரை எடுத்தாச்சேன்னு அந்த அண்ணன் வந்து தங்கச்சியைக் கூட்டிக்கிட்டா போனாரு? வாட்ஸ்அப்ல போன போட்டோ போனதுதானே.

போன மாசம் வேற ஒரு பல்கலைக்கழகத்துல இருந்து மதிப்பீட்டுக்கு ஒரு மாணவியோட ஏடு வந்துச்சு. ரிட்டயர் ஆனவளையும் இந்த வேலை விடுறதில்ல. புரட்டிக்கிட்டு வந்தேன். ஒரு பக்கத்துல அந்தப் பாட்டு. கண்ணுமே தெறக்கலையே. என்னையும் அறியாம ராகம் போட்டுத்தான் படிச்சேன். கீழ அடிக்குறிப்பு. என் மாணவியோட பேரு, முதலெழுத்து, ஆண்டு, ஏட்டுத் தலைப்பு சாய்வெழுத்துல, பல்கலைக்கழகம், பக்கம், இணைய முகவரி, பார்த்த நாள். ஒரு கமா பிசகல. கையேட்டுல இருக்கிற மாதிரியே அச்சடிச்சு வச்சிருந்துச்சு. முழு மார்க் போடலாம்.

எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குப் போனேன். முகூர்த்தம் முடிஞ்ச நேரம். குழாயடியில அண்டாவுக்குள்ள தலையை விட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னையப் பார்த்ததும் எந்திரிச்சு, ஈரக் கையோட, "வாங்க டீச்சர், சாப்புட்டீகளா? பந்தி இன்னும் நடக்குது"ன்னாங்க. உங்க பாட்டு இன்னொரு ஏட்டுல வந்திருக்குன்னு சொன்னேன். முகம் மலர்ந்துருச்சு.

"எம்பேரு இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவங்க வந்து தேடிப் பார்க்கப் போறதில்ல.

"இல்லம்மா. அதை எடுத்துட்டாங்க. உங்க நல்லதுக்குன்னு எடுத்துட்டாங்க."

அவங்க மறுபடியும் உக்காந்து நாரை எடுத்து அண்டாவைத் தேய்க்க ஆரம்பிச்சாங்க. ரொம்ப நேரம் தேய்ச்சாங்க. அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டாங்க.

"அப்ப நான் எதுக்கு டீச்சர் வீட்டை விட்டு வந்தேன்?"

எனக்கு அழுகை வந்துருச்சு. பந்தி பரிமாறுற பசங்க பார்க்குறாங்கன்னுகூடத் தோணல. தூங்கையில விரல் பிடிச்ச கை ஆருகைன்னு அந்தப் பாட்டு கேட்டுச்சே, அன்னைக்குச் சம்மதப் படிவத்தை நீட்டுனப்ப அது எங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டுச்சோன்னு இருந்துச்சு. அவங்க முழிச்சிருந்தாங்க, படிச்சுத்தான் போட்டாங்க. ஆனா நாங்க போன்ல வரும்னு சொன்னது அவங்க கண்ணுக்கு இழவு வீட்டுக் கூட்டம் மாதிரிதான் தெரிஞ்சிருக்கு. அந்தக் கூட்டம் பாடை போனதும் கலையும். இது கலையாது. இதைச் சொல்லாம வாங்குனது சம்மதம் ஆகுமா? நீங்க கையெழுத்து வாங்கப் போனா, முதல்ல போனை எடுத்து, இன்னொருத்தர் ஏட்டைத் திறந்து, பாட்டும் பேரும் குறிப்பும் எப்படித் தெரியுதுன்னு அவங்க கண்ணுல காட்டுங்க. பொறவு பேரை எடுக்கணும்னாலும் அவங்களைக் கேட்டுட்டு எடுங்க. எனக்கு இது லேட்டாத்தான் விளங்குச்சு.

அன்னைக்கு மண்டபத்துலயே நான் அதைச் செஞ்சேன். போனை எடுத்து, என் மாணவி ஏட்டுல அந்தப் பாட்டு இருக்கிற பக்கத்தைக் காட்டுனேன். கையைத் துடைச்சுட்டு வாங்கிப் பார்த்தாங்க. "இம்புட்டு சின்ன எழுத்தா!"ன்னாங்க. யார் வேணாலும், எந்த ஊர்ல இருந்தும், எத்தனை வருஷம் ஆனாலும் இதைப் பார்க்கலாம்னு நிதானமாச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. நான் மதிப்பீட்டு அறிக்கையில என்னத்தை எழுதுறது? அந்தப் புது மாணவி பாடுனவங்களைப் பார்த்ததில்ல, அவ எடுத்த ஏட்டுல பேரு இல்ல. விதிப்படி அவ செஞ்சது முழுக்கச் சரி. விதிக்குள்ள அந்தப் பேரை நுழைக்க ஒரு சந்து கிடையாதுன்னும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையப் படுத்தாதீக, பாவம்"னாங்க. "நீங்க எங்கயாச்சும் நாலு பேருக்கு முன்னாடி சொல்லுங்க டீச்சர், அது போதும். இனி எவன் என்ன செய்யப் போறான்? போக வேண்டியது போயிருச்சு."

சொல்றேன்னு வாக்குக் கொடுத்துட்டு வந்தேன். இங்க வர்றதுக்கு முந்தியும் மண்டபத்துக்குப் போய், இன்னைக்குச் சொல்லப் போறேன், சொல்லட்டுமான்னு மறுபடியும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். யார் பேரும் சொல்ல மாட்டேன்னு ஆரம்பத்துல சொன்னேன். மத்தவங்க பேரு உங்களுக்கு வேண்டாம். இதை மட்டும் குறிச்சுக்கோங்க.

பாடுனவங்க பேரு சீனித்தாய்.